பந்தலுக்குள் நோய் நுழையும் வழி: கவாத்துக் கத்தரியைக் கவனியுங்கள்!

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் பகுதிகளில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடப்பது இப்பள்ளத்தாக்கின் சிறப்பு. அப்படியென்றால் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் கவாத்தும் நடக்கிறது என்று பொருள். கவாத்து ஆட்களோடு கத்தரியும் தோட்டம் தோட்டமாகப் போகிறது. அந்தக் கத்தரி கூர்மையாகவும் சுத்தமாகவும் இருக்கிறதா என்பதைத் தோட்டக்காரர் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பன்னீர் திராட்சையை 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 670 கொடிகள் வரும். ஒரு கொடியில் 40 குச்சிகளை வெட்டுவதாக வைத்துக்கொண்டால், ஒரே கவாத்தில் 26,000-க்கும் மேற்பட்ட வெட்டுகள். ஒவ்வொரு வெட்டும் ஒரு திறந்த காயம். கோடைப் பயிருக்கு டிசம்பர்-ஜனவரியிலும், மழைக்காலப் பயிருக்கு மே-ஜூனிலும் கவாத்து செய்தால், ஆண்டுக்கு 50,000 காயங்களைத் தாண்டுகிறது.

கூர்மையான அலகு குச்சியைச் சீராக வெட்டும்; காயம் விரைவில் காய்ந்து மூடும். மழுங்கிய அலகு குச்சியை நசுக்கும், பட்டையைக் கிழிக்கும். நசுங்கிய இடத்தில் ஈரம் தங்கி, பூஞ்சாணம் உள்ளே இறங்க வழி கிடைக்கிறது.

எந்தக் கத்தரியை வாங்குவது?

ஒரு காலத்தில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களிலும் நம் அரிவாள் போன்ற வளைந்த கத்தியால்தான் கவாத்து செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் கவாத்துக் கத்தரி உருவானது. இன்று கடைகளில் இரண்டு வகைகள் கிடைக்கின்றன. முதல் வகையில் கூரான அலகு, வளைந்த இன்னொரு அலகை உரசிக்கொண்டு கடந்து செல்லும். இரண்டாவது வகையில் அலகு, தட்டையான ஒரு தகட்டின் மேல் வந்து அழுத்தும். பச்சைக் குச்சியை இரண்டாவது வகை நசுக்கிவிடும். காய்ந்த கட்டைக்கு மட்டுமே அது ஏற்றது. திராட்சைக்கு முதல் வகையையே கேட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது கடையிலேயே சோதித்துப் பாருங்கள்.

* ஒரு தாளை அலகின் நுனியால் வெட்டுங்கள். தாள் மடங்காமல், கிழியாமல் வெட்டுப்பட வேண்டும்.
* கைப்பிடிகளைப் பிடித்து அலகுகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம்.
* நடுவில் உள்ள திருகு, முடுக்கித் தளர்த்தக் கூடியதாக இருக்க வேண்டும். ரிவெட் அடித்த கத்தரியில் ஆட்டம் வந்தால் சரிசெய்ய முடியாது.
* ஸ்பிரிங்கும் அலகும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஸ்பிரிங் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வையுங்கள்.
* முழுதாகத் திறந்தாலும் கைப்பிடி உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். நாள் முழுதும் வெட்டுபவரின் மணிக்கட்டு இதனால்தான் தப்பும். இடக்கை ஆட்களுக்குத் தனிக் கத்தரி உண்டு.

பெருவிரல் பருமனுக்கு மேற்பட்ட கட்டையைக் கத்தரியால் முறுக்கி வெட்டாதீர்கள். அலகுகள் விலகிவிடும். அதற்குக் கவாத்து ரம்பத்தைப் பயன்படுத்துங்கள்.

வெட்டும் முறை

பன்னீர் திராட்சையில் நன்கு முதிர்ந்த குச்சியில் 4 மொட்டுகள் விட்டும், மெலிந்த, முதிராத குச்சியில் 1 அல்லது 2 மொட்டுகள் விட்டும் வெட்ட வேண்டும். கடைசி மொட்டுக்கு மேல் ஒரு விரல்கடை விட்டு, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரியும்படி சாய்வாக வெட்டுங்கள். வடியும் நீர் மொட்டின் மேல் இறங்காது. கூரான அலகு, கொடியில் நிற்கும் பகுதியை ஒட்டி இருக்கட்டும். வளைந்த அலகு சிறிது நசுக்கும். அந்த நசுக்கல் கீழே விழும் துண்டோடு போய்விடும்.

நோய் பரவாமல் தடுக்க

பாக்டீரியா இலைப்புள்ளி நோய் கண்ட கொடியை வெட்டிய கத்தரி, அடுத்த கொடிக்கு நோயைக் கொண்டு செல்லும். நுனியிலிருந்து காய்ந்து வரும் கட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே ஆப்பு வடிவில் பழுப்பு நிறம் தெரிந்தால் பூஞ்சாணம் இறங்கியிருக்கிறது.

இப்படிப்பட்ட கொடிகளில் கவாத்துக்கு முன்பே துணி கட்டி அடையாளம் வையுங்கள். அவற்றைக் கடைசியில் வெட்டி, குச்சிகளைத் தோட்டத்துக்கு வெளியே எரித்துவிடுங்கள். அலகில் ஒட்டிய சாற்றை முதலில் துணியால் துடைத்து, பிறகு 70 சதவீத ஸ்பிரிட்டில் நனையுங்கள். சாறு ஒட்டியிருந்தால் ஸ்பிரிட் வேலை செய்யாது. ஒவ்வொரு கொடிக்கும் இப்படிச் செய்வது நல்லது. முடியாவிட்டால் வரிசை முடிவிலும், நோய்க் கொடிக்குப் பின்பும் கட்டாயம் செய்யுங்கள். ஆளுக்கு 2 கத்தரி இருந்தால், ஒன்று ஸ்பிரிட்டில் ஊற மற்றொன்றால் வெட்டலாம். ஸ்பிரிட் தீப்பற்றும், பீடி, அடுப்பின் அருகில் வைக்கக் கூடாது.

வெளியிலிருந்து ஆட்கள் வந்தால் உங்கள் கத்தரியையே கொடுங்கள். அவரவர் கத்தரிதான் கைக்கு வாகு என்று சொன்னால், பந்தலுக்குள் நுழையும் முன்பே அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

மயில்துத்தத்தால் கெடும் இரும்பு

கவாத்து முடிந்ததும் தடித்த வெட்டுவாய்களில் போர்டோ பசை தடவுகிறோம். அதற்காகக் கத்தரியையும் மயில்துத்தக் கரைசலில் முக்கிச் சுத்தம் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் இரும்பின் மேல் படியும், இரும்பு கரையும். போர்டோ கலவையில் பளபளப்பான கத்தியை நனைத்து, செந்நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அறிவது இதை வைத்துத்தான். பசை தடவிய கையோடு கத்தரியைப் பிடித்தால் உடனே கழுவித் துடையுங்கள்.

தினசரிப் பராமரிப்பு

மாலையில் சோப்பு நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, திருகிலும் ஸ்பிரிங்கிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். அலகு முழுவதும் எண்ணெய்த் துணியால் ஒரு முறை தடவி, கொக்கியை மாட்டி, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

கூர் மங்கினால் எண்ணெய்க் கல்லில் தீட்டலாம். அலகின் சாய்வான பக்கத்தை மட்டும், இருக்கிற சாய்வு மாறாமல், அடியிலிருந்து நுனிநோக்கி ஒரே திசையில் தீட்டுங்கள். தட்டைப் பக்கத்தில் பிசிறை மட்டும் எடுத்தால் போதும். அந்தப் பக்கத்தையும் தீட்டினால் இரு அலகுகளுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, பட்டை மடங்கி உள்ளே சிக்கும். மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடித்து அலகு நீலம் பாரித்தால் இரும்பின் பதம் போய்விட்டது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

திருகை முடுக்கும்போது, கத்தரி தானாகத் திறக்க வேண்டும். பக்கவாட்டில் ஆடக் கூடாது. அதுவே சரியான இறுக்கம்.

உங்கள் தோட்டத்தில் கொடிகள் தொடர்ந்து காய்ந்து வந்தால், ஆனைமலையன்பட்டியில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்குப் பாதித்த கட்டையைக் கொண்டுசென்று காட்டுங்கள். அடுத்த கவாத்துக்கு ஆள் சொல்லும் முன் கத்தரியை எடுத்து ஒரு தாளை வெட்டிப் பாருங்கள். தாள் கிழிந்தால், முதலில் கத்தரியைத் தீட்டுங்கள்.