பழைய கிரேக்கமும் இன்றைய வாணிபமும் – 7: செக்கும் உத்தரமும்

சென்ற இதழில் ஏதென்ஸ் நகரத்துக் கடைவீதியில் சாக்ரடீஸோடு நின்றோம். இந்த வாரம் அவருடைய சீடருக்குச் சீடரான அரிஸ்டாட்டிலின் ‘அரசியல்’ என்னும் நூலில், முதற் பகுதிக்குள் மட்டும் சற்று நிதானமாக நுழைந்து பார்ப்போம்.

அங்கே ஒரு கதை வருகிறது. மிலேட்டஸ் நகரத்து ஞானியாகிய தேலிஸை, தத்துவம் சோறு போடாது என்று சிலர் ஏளனம் செய்ய, அவர் தம் வானசாஸ்திர அறிவால் அடுத்த பருவத்தில் ஒலிவக் காய் அமோகமாக விளையும் என்று குளிர்காலத்திலேயே கணித்து, மிலேட்டஸிலும் கியோஸிலும் இருந்த எண்ணெய்ச் செக்குகள் அனைத்துக்கும், போட்டிக்கு ஆளில்லாத அந்த வேளையில் சொற்ப அச்சாரம் கொடுத்து வைத்தாராம். அறுவடைக் காலத்தில் ஊரார் அனைவரும் ஒரே சமயத்தில் செக்கைத் தேடி ஓடி வந்தபோது, தாம் கேட்ட வாடகைக்கு அவற்றை விட்டு ஏராளமான திரவியம் ஈட்டினாராம். இன்றைய நிதிச் சந்தையைப் பற்றி எழுதுவோர் இதைத் தங்கள் தொழிலின் மூதாதைக் கதையாக எடுத்தாள்வதுண்டு. ஆனால் அரிஸ்டாட்டில் இதிலிருந்து எடுத்துக் காட்டும் நீதி வேறு: ஞானிகள் நினைத்தால் செல்வந்தராகலாம், ஆயினும் அவர்கள் நாட்டம் அதில் இல்லை என்பதே அது.

ஏன் இல்லை என்பதற்குரிய விளக்கம், அதே பகுதியில் செருப்பைக் கொண்டு அவர் சொல்லும் உதாரணத்தில் இருக்கிறது. செருப்புக்கு இரண்டு உபயோகங்கள் உண்டு; காலில் அணிவது ஒன்று, விற்று வேறு பொருள் வாங்குவது மற்றொன்று. அணிவதற்கான செருப்புக்குக் கால்களின் எண்ணிக்கையே வரம்பு. விற்பதற்கான செருப்புக்கோ வரம்பே இல்லை. வீட்டுக்கும் ஊருக்கும் வேண்டியதைத் தேடிக் காக்கும் கலையை ‘ஓய்க்கோனோமியா’ என்றும், பொருளைப் பொருளுக்காகவே பெருக்கும் வித்தையை ‘க்ரேமடிஸ்டிகே’ என்றும் பிரித்துப் பேசும் அவர், எந்தக் கலையிலும் கருவிகள் அளவிறந்தவையாக இருப்பதில்லை, செல்வமும் நல்வாழ்வுக்கு ஒரு கருவியே, ஆகையால் அதற்கும் ஓர் அளவு உண்டு என்று நியாயம் கூறுகிறார். வட்டியை அவர் எல்லாவற்றினும் மிகுதியாக வெறுத்தார். கிரேக்க மொழியில் வட்டிக்கும் ஈன்ற குட்டிக்கும் ‘தோகோஸ்’ என்ற ஒரே சொல்தான். நம்மவர் ‘வட்டி குட்டி போட்டது’ என்று சலித்துக்கொள்வதைக் கேட்டிருந்தால் அந்த மேதை தலையசைத்திருப்பார்.

இந்தப் பிரிவினை ஏட்டோடு நின்றுவிடுவதன்று. கானடாவின் கிழக்குக் கரையில், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில், பல நூற்றாண்டுகள் மனிதருக்கு உணவளித்த காட் மீனை, 1950களுக்குப் பின் வந்த பெரிய ஆலைக் கப்பல்கள் இரவு பகலாக அள்ளியெடுக்க, 1968இல் பிடிபட்டது ஏறத்தாழ 8 லட்சம் டன்; 1992 ஜூலையில் மீன் அருகிப்போய், அரசாங்கமே மீன்பிடிப்பைத் தடை செய்ய, ஏறக்குறைய 30 ஆயிரம் பேர் பிழைப்பை இழந்தனர். உண்பவரின் வயிற்றுக்கு அளவு உண்டு; அந்த அளவைக் கேட்காமல் பிடிப்பின் மதிப்பை மட்டுமே கேட்ட வாணிபம், தன் செக்கையே உடைத்து விறகாக்கிக்கொண்டது.

அரிஸ்டாட்டிலின் இல்லம் குற்றமற்றதன்று. அடிமைகளையும் அவர் இல்லத்தின் கருவிகளாகவே கணக்கிட்டார். யாருடைய நல்வாழ்வுக்காக இந்த அளவு என்னும் கேள்வியை அவர் பாதி வழியிலேயே நிறுத்திவிட்டார். தொழில் நடத்துவோர் அவரிடம் கற்கும்போது, அந்தப் பாதியைத் தாங்களே நடந்து முடிக்க வேண்டும். தம்மிடம் உழைப்பவரும், இன்னும் பிறவாதவரும் அந்த இல்லத்தில் உறுப்பினராக வேண்டும். பொருளாதாரத்தைக் குறிக்கும் ‘எகானமி’ என்ற சொல்லும், 1866இல் ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல் உண்டாக்கிய ‘எகாலஜி’ என்ற சொல்லும், வீடு என்று பொருள்படும் ‘ஓய்க்கோஸ்’ என்னும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பது இவ்விடத்தில் நினைக்கத் தக்கது.

அவருடைய குருவாகிய பிளேட்டோ ‘கிரிடியாஸ்’ என்ற நூலில் அட்டிகா நாட்டு மலைகளைப் பற்றிச் சொல்கிறார்: வெள்ளங்கள் மண்ணை அரித்துச் சென்றுவிட, நோயுற்ற உடலில் எலும்பு மட்டும் எஞ்சியதுபோல் நிலம் நிற்கிறது, தேனீக்களுக்கு மட்டுமே இரை தரும் மலைகளும் அங்கே உண்டு, ஆயினும் முற்காலத்தில் அங்கு வெட்டிய மரங்களால் வேய்ந்த பெரிய கட்டடங்களின் உத்தரங்கள் இன்னும் பழுதில்லாமல் இருக்கின்றன. கூரைக்கு வேண்டிய உத்தரத்தை எண்ணிவிடலாம். பணத்துக்கு வேண்டிய மரத்தை எண்ணி முடிக்க இயலாது. அண்ணாந்து அந்த உத்தரங்களைப் பார்த்தவருக்கு, பலகணி வழியே தெரிந்தது மொட்டை மலை.

அண்டை வீட்டுக் கிணற்றிலிருந்து ஒருவன் எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று சட்டம் செய்த சோலோனை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)