கடல் கடந்த பள்ளியில் ஓராண்டு

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு, நம் சங்கத்து அன்பர் ஒருவர் நம் இல்லத்திற்கு வந்தார். வந்தவர் காப்பி வேண்டாமென்று மறுத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் அமர்ந்தபடியே, "சார், பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொண்டு விடலாமென்று இருக்கிறேன். அவள் அம்மா சாப்பிட்டுப் பத்து நாளாகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நம்மை ஏன் கேட்க வேண்டும் என்று வாசகர்கள் எண்ணலாம். காரணம் உண்டு. அவருடைய மகள், பதினாறு வயதினள், பள்ளி மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றில் உதவித்தொகை பெற்று, பத்து மாதம் கல்வி பயில வடஜெர்மனியிலுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தாள். அதற்கான விண்ணப்பத் தாள்களை நிரப்பிக் கொடுத்தவர் நாமே. "போய் வரட்டும், உலகத்தைப் பார்க்கட்டும்" என்று தைரியம் சொன்னவரும் நாமே. எனவே அந்த வீட்டில் விழுந்த கண்ணீரில் நமக்கும் பங்கு இருந்தது.

முதல் மாதம் அவள் பேச்செல்லாம் வியப்பாகவே இருந்ததாம். இரண்டாம் மாதம் பேச்சுக் குறைந்தது. மூன்றாம் மாதத்தில் அழுகை தொடங்கியது. மொழி புரியவில்லை, வகுப்பில் எவரும் வலிய வந்து பேசுவதில்லை, இரவு உணவு சூடின்றி ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாகவே இருக்கிறது, காலை எட்டரை மணியளவில் எழும் சூரியன் மாலை நான்கு மணிக்கே மறைந்துவிடுகிறது. இவையே அவள் முறையீடுகள். "பதினைந்து நாள் பொறுங்கள்" என்று மட்டும் சொல்லி அன்பரை அனுப்பினோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பது அன்று நமக்கே விளங்கவில்லை. அந்தப் பதினைந்து நாளில் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை, பிற குடும்பங்களுக்கும் பயன்படுமென்று கருதி இங்கு எழுதுகிறோம்.

இம்முறை தோன்றிய வரலாறு

மாணவர் பரிமாற்றம் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் உல்லாசப் பயணமாகத் தோன்றியதன்று. போரின் புண்ணிலிருந்து தோன்றியது. 1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டபோது, பாரிஸிலிருந்த அமெரிக்க மருத்துவமனையைச் சார்ந்து, காயமுற்ற வீரர்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளை ஓட்ட அமெரிக்க இளைஞர் சிலர் முன்வந்தனர். 'அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்' என்னும் பெயரில் அவர்களை ஓர் அமைப்பாக்கியவர் பியட் ஆண்ட்ரூ என்பவர். இரண்டாம் போரிலும் அவ்வமைப்பு அத்தொண்டினையே செய்தது. போர் முடிந்ததும், அடிபட்டவர்களைத் தூக்கிச் செல்வதைவிட அடிதடி நேராமலே தடுப்பது மேல் என்று அத்தொண்டர்கள் எண்ணினர். ஸ்டீபன் கலாட்டி என்பவரின் தலைமையில், 1947ஆம் ஆண்டில் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்களை வரவழைத்து, அமெரிக்கக் குடும்பங்களில் தங்கவைத்துப் பள்ளியில் படிக்கச் செய்தனர். இன்று அவ்வமைப்பு இந்தியா உட்படப் பல நாடுகளில் பரந்துள்ளது.

டோரிஸ் ஆலன் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் மற்றொரு வழி கண்டார். பகைமை பெரியவர்களின் நெஞ்சில் ஊறிவிட்ட பிறகு அதனை நீக்குவது அரிது. ஆகவே பதினொரு வயதுப் பிள்ளைகளிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1951இல் சின்சினாட்டி நகரில் பல நாட்டுப் பிள்ளைகள் ஒருங்கே வாழும் முதல் முகாமை அவர் நடத்தினார். ஒரு நாட்டுக்கு இரு சிறுவர், இரு சிறுமியர், அவர்களுடன் ஒரு பெரியவர் என்பது அதன் முறை.

1870க்கும் 1945க்கும் இடையே மும்முறை போரிட்ட பிரான்சும் ஜெர்மனியும் 1963 ஜனவரி 22ஆம் நாள் நட்புடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வாண்டே இரு நாட்டு அரசுகளும் கூடி இளைஞர் பரிமாற்றத்திற்கென ஓர் அலுவலகம் அமைத்தன. அதன் வாயிலாக இதுவரை 90 இலட்சத்திற்கும் மேற்பட்ட இளைஞர்கள் ஒருவர் நாட்டில் ஒருவர் சென்று பழகியிருக்கின்றனர். ஒரு வீட்டுச் சமையலறையில் அமர்ந்து உண்டவன் அவ்வீட்டின்மீது குண்டெறிய எளிதில் இசையான் என்னும் நம்பிக்கையே இவற்றுக்கெல்லாம் அடிப்படை.

ஏக்கத்தின் இயல்பு

நிற்க. நாடுகளுக்கு நன்மை விளையலாம். பிள்ளைக்கு என்ன விளைகிறது?

வீட்டை நினைந்து ஏங்குவது கோழைத்தனம் என்று எண்ணுவோர் நம்மில் பலர். 1688ஆம் ஆண்டிலேயே ஜோகன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் அதனை ஒரு நோயாகக் கொண்டு, பாசல் நகரில் ஆய்வேடு எழுதியுள்ளார். பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞன் ஒருவன் ஏக்கத்தால் படுத்த படுக்கையாகி, ஊருக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது தேறினான் என்று அதில் குறித்திருக்கின்றார். சுவிட்சர்லாந்தின் ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குப் போனவனுக்கே அந்நிலை எனின், கடல் கடந்து சென்ற சிறுமியைக் குறை கூறலாமா?

1955ஆம் ஆண்டில் லூஸ்கார்டு என்னும் நார்வே நாட்டு அறிஞர், அமெரிக்கா சென்று பயின்று திரும்பிய தம் நாட்டவர் இருநூறுக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தார். ஆறு மாதத்திற்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்திற்கு மேல் தங்கியவர்களும் மனநிறைவோடு இருந்தனர்; இடைப்பட்ட காலம் தங்கியவர்களே மிகுதியாக இடர்ப்பட்டிருந்தனர். முதலில் மகிழ்ச்சி, பின்னர்த் தளர்ச்சி, அதன்பின் தேறுதல் என மனம் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது என்பது அவர் கருத்து. எல்லாரும் இவ்வாறே இறங்கி ஏறுவதில்லை என்றும், சிலருக்கு முதல் வாரங்களே கடுமையானவை என்றும் பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். எனினும், தளர்ச்சி வந்ததனாலேயே பயணம் தோற்றது என்று முடிவு கட்டலாகாது என்பது தெளிவு.

தங்கியிருப்பதனால் மட்டும் நலம் விளைந்துவிடுவதும் இல்லை. 1954இல் ஆல்போர்ட் என்னும் உளநூல் பேராசிரியர், வேறுபட்ட மக்கள் பழகுவதால் நல்லெண்ணம் வளரச் சில நிலைகள் வேண்டும் என்றார். இருவரும் சமநிலையில் இருத்தல் வேண்டும். பொதுவான ஒரு வேலையில் கூடி உழைத்தல் வேண்டும். பொறுப்பிலுள்ளோர் அதற்குத் துணைநிற்றல் வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் நாட்டுப் பழமொழி. விருந்தாளியாகவே பத்து மாதம் இருக்க எவராலும் இயலாது. விருந்தாளி வீட்டுப் பிள்ளையாக மாற வேண்டும்; அதற்கு அப்பிள்ளைக்கு அவ்வீட்டில் ஒரு வேலை இருக்க வேண்டும்.

பத்தரை மணி

மீண்டும் நம் அன்பர் வீட்டுக்கு வருவோம். மறுமுறை அவரைக் கண்டபோது, "அம்மா தினமும் எத்தனை மணிக்குப் பேசுகிறார்?" என்று கேட்டோம். "வேலையெல்லாம் முடித்து, இரவு பத்தரை மணிக்கு" என்றார். காலஅட்டவணையோடு நாள்தோறும் பழகும் நமக்கு அப்பொழுதுதான் ஒன்று புலப்பட்டது. குளிர்காலத்தில் ஜெர்மானியக் கடிகாரம் நம்முடையதற்கு நான்கரை மணி நேரம் பின்தங்கியது. இங்கே பத்தரை எனில் அங்கே மாலை ஆறு. அஃது அவ்வீட்டார் அனைவரும் மேசையைச் சுற்றி அமர்ந்து, அன்று நடந்தவற்றைப் பேசியபடி உண்ணும் நேரம். அந்த நேரத்தில்தான் இந்தப் பெண் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கைபேசியில் அன்னையின் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே இருந்தவர்களோ, நம்மோடு அமர இவளுக்கு விருப்பமில்லை போலும் என்று எண்ணி வாளா இருந்திருக்கின்றனர்.

திட்டத்தின் சார்பில், அவ்வூரிலேயே தொண்டர் ஒருவர் அவளுக்குத் துணையாக நியமிக்கப்பட்டிருந்தார். தொல்லை கொடுப்பதாகிவிடும் என்று அஞ்சி, அவரிடம் அவள் ஒரு சொல்லும் கூறவில்லை. தந்தை வற்புறுத்திய பிறகு சொன்னாள். தொண்டர் வந்து, அவளையும் அவ்வீட்டாரையும் ஒன்றாக அமர்த்திப் பேசினார். மூன்று முடிவுகள் செய்தனர். வீட்டோடு பேசுவது ஞாயிறு நண்பகலில் மட்டும். வாரம் இருமுறை மாலையில் சூடான உணவு சமைக்கும் பொறுப்பு அவளுடையது. அவ்வீட்டின் ஏழு வயதுச் சிறுவனுக்கு நாள்தோறும் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவதும் அவள் வேலை. பெரியவர்கள் அவளுடைய ஜெர்மன் மொழிப் பிழைகளைக் கேட்டும் கேளாதவர் போலிருந்தனர். சிறுவனோ ஒவ்வொரு பிழைக்கும் உருண்டு புரண்டு சிரித்துத் திருத்தினானாம். அவனிடம் கற்ற மொழியைக் கொண்டே அவள் வகுப்பில் வாய் திறந்தாள்.

முதல் ஞாயிறு வருவதற்குள் இங்கே அன்னை பட்ட பாட்டை நாம் அறிவோம். தை பிறந்த பிறகு ஒரு ஞாயிறன்று, "இன்று நேரமில்லை அம்மா, பாட்டுக் குழுவிற்குப் போக வேண்டும்" என்று மகள் பேச்சை முடித்துக்கொண்டாள். அன்றும் அந்த அம்மையார் அழுதார்; அஃது வேறு அழுகை.

திரும்பியபின் தோன்றும் இடர்

பத்து மாதம் முடித்து இவ்வாண்டு அவள் திரும்பினாள். கதை அத்துடன் முடியவில்லை. வந்த சில வாரம் அவள் எவரோடும் ஒட்டவில்லை. வீட்டின் இரைச்சல் பொறுக்கவில்லை. தன் அறை என்று ஒன்று இல்லாதது உறுத்தியது. "இவள் நம் பெண்தானா?" என்று அன்னை கலங்கினார். இதுவும் எதிர்பார்க்கத்தக்கதே. திரும்பி வந்தோர் தம் ஊரிலேயே இரண்டாம் முறை பள்ளத்தில் இறங்கி ஏறுகின்றனர் என்று 1963இல் கல்லஹார்ன் தம்பதியர் எழுதியுள்ளனர். அன்றியும், அவள் படிப்பில் ஓராண்டு பிந்தியது; உடன் பயின்ற தோழியர் இன்று ஒரு வகுப்பு மேலே இருக்கின்றனர். இந்த நட்டத்தை நாம் மறைக்க விரும்பவில்லை.

பயன் என்ன என்று அவளையே கேட்டோம். சற்று எண்ணிவிட்டு, "வகுப்பிற்கு ஒடிசாவிலிருந்து ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாள், மாமா. தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் நான் கவனித்திருக்க மாட்டேன். இப்போது அவள் பக்கத்தில்தான் உட்காருகிறேன்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பிள்ளையை அனுப்பக் கருதும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, விரும்புவது பிள்ளையா, நாமா என்பது. அண்டை அயலார் மெச்சுவதற்காக அனுப்பப்படும் பிள்ளை துன்புறும். அடுத்து, திரும்பி வந்தால் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்பதைப் பள்ளியிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் வேண்டும். பொதுத் தேர்வு எழுதும் ஆண்டைத் தவிர்ப்பது நன்று.

பிள்ளை தங்கும் குடும்பத்தை ஆராய்ந்தவர் யார், இடர் நேரின் அணுக வேண்டியவர் யார் என்பவற்றையும் தெளிவாக அறிய வேண்டும். அமெரிக்க அரசின் விதிகள் இதற்கு நல்ல அளவுகோல். அங்கே பரிமாற்றத்தில் செல்லும் பள்ளி மாணவரை ஏற்கும் குடும்பத்தாருக்குக் கூலி கொடுக்கலாகாது. அவ்வீட்டை நேரில் சென்று பார்த்தல் வேண்டும். வீட்டிலுள்ள வயது வந்தோர் அனைவருடைய குற்றப் பின்னணியையும் சோதித்தல் வேண்டும். மாதம் ஒரு முறையேனும் மாணவரோடும் குடும்பத்தாரோடும் தொடர்பு கொள்ளல் வேண்டும். எந்நாட்டுத் திட்டமாயினும் இக்கேள்விகளைக் கேளுங்கள். மழுப்பலான விடை கிடைப்பின் அனுப்பாதீர்கள்.

'பொறுத்துக்கொள்' என்பது எல்லா நோய்க்கும் மருந்தாகாது என்பதையும் வற்புறுத்துகிறோம். பிள்ளை பல நாள் உணவும் உறக்கமும் இன்றி வாடினாலோ, அவ்வீட்டில் எவரேனும் தகாத முறையில் நடந்தாலோ, உயிரை வெறுத்துப் பேசினாலோ, ஒரு நாளும் தாமதிக்கலாகாது. வீட்டை மாற்றச் சொல்லுங்கள், அல்லது அழைத்துக்கொள்ளுங்கள். அதனால் மானக்கேடு ஏதுமில்லை.

நம் சங்கம் செய்யத்தக்கது

பிள்ளைகளை அனுப்பும் வசதி நம்மில் ஒரு சிலருக்கே வாய்க்கும். ஆனால் வரவேற்கும் பேறு அனைவருக்கும் உண்டு. நம் நகரப் பள்ளிகளுக்கும் அயல்நாட்டு மாணவர்கள் வருகின்றனர். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஒருவரை நம் வீட்டிற்கு அழைத்து, தனி நாற்காலியில் அமர்த்தி உபசரிக்காமல், கோலப்பொடியைக் கையில் கொடுத்து வாசலுக்கு அனுப்பலாமே!

அயல்நாட்டார் கிட்டாவிடினும் குறையில்லை. பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்த நம் குழந்தைகள், அறியாத மொழி பேசும் வகுப்பில் முதல் நாள் அமர்ந்தவர்களே. அன்று அவர்களிடம் எவர் வந்து பேசினார் என்பதை அவர்கள் மறப்பதில்லை. இவ்வாண்டு மாற்றலாகி வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் யார் யார், அவர்கள் எப்பள்ளியில் எவர் பக்கத்தில் அமர்கின்றனர் என்று அடுத்த கூட்டத்தில் ஒரு பட்டியல் எடுப்போமாக. பணமோ கடவுச்சீட்டோ வேண்டாத பணி அது.