வளரிளம் பிள்ளைக்கு நாய்: இனத்தைத் தேர்ந்தெடுக்குமுன் எண்ண வேண்டியவை

பதின்ம வயதை எட்டிய பிள்ளைகள் நாய் ஒன்று வேண்டுமெனக் கேட்பது எங்கும் இயல்பு. ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் அது இன்னும் இயல்பு. தமிழகத்தின் புகழ்பெற்ற நாட்டு நாயினங்களுள் இரண்டு, இராஜபாளையம், சிப்பிப்பாறை என்னும் நம் மாவட்டத்து ஊர்ப்பெயர்களையே தாங்கியுள்ளன. பிள்ளை கேட்கும் கேள்வி பெரும்பாலும் "எந்த இனம் அழகு? எந்த இனம் வீரம்?" என்பதாக இருக்கும். நோயாளி ஒருவரைப் பேணிவரும் குடும்பம் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்: இந்த வீட்டில் மிகவும் நலிந்த உடல்நிலையில் இருப்பவர் யார்? அவருக்கு எந்த நாயால் தீங்கு நேராது?

நலிந்தவரிலிருந்து தொடங்குக

இவ்வட்டாரத்தில் தீக்காயத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோர் பலர். தோல் ஒட்டுச் சிகிச்சை செய்யப்பட்ட இடமும், முழுமையாக மூடாத புண்ணும் நாயின் நாவிற்கு எட்டவே கூடாது. வெறிநாய்க்கடி நோயைப் பரப்பும் வைரஸ் எச்சிலின் வழியே செல்கிறது. ஆகவேதான், நோய்க்கு ஐயமுள்ள நாய் காயம்பட்ட தோலை நக்கினால், இரத்தம் வரக் கடித்ததற்கு இணையான, மூன்றாம் வகைப் பாதிப்பாகவே மருத்துவம் அதனைக் கருதுகிறது. தடுப்பூசி போடப்பட்ட வீட்டு நாயின் எச்சிலிலும் புண்ணைச் சீழ்பிடிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் இயல்பாகவே வாழ்கின்றன. எனவே புண் ஆறும்வரை நாய் வாங்குவதைத் தள்ளிவைப்பதே முறை.

நீரிழிவால் பாதங்களில் உணர்வு குன்றியவர்கள், உறங்கும்போது நாய் விரலை நக்குவதையோ மெல்லக் கடிப்பதையோ உணராமல் போகலாம். சிறு கீறலே அவர்களுக்குப் பெரும் புண்ணாகிவிடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோருக்கு நகக்கீறலும் நெடுநேரம் கசியும். வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்துகொள்வோரின் குழாயை நாய் கடித்தாலோ நக்கினாலோ வயிற்றறையில் தொற்று ஏற்படக்கூடும். புற்றுநோய்க்கு மருந்தேற்றப்படுவோரும், மண்ணீரல் அகற்றப்பட்டோரும் எவ்வகை நாயையும் கொண்டுவருமுன் தம் மருத்துவரிடம் கேட்டறிவது கட்டாயம். எலும்பு தேய்ந்த முதியோரைப் பெரிய நாய் அன்போடு மேலே தாவியே கீழே தள்ளிவிடும்.

இவற்றால் நாயே கூடாது என்பது பொருளன்று. நோயாளியின் அறைக்கும் படுக்கைக்கும் நாய் செல்லாதபடி வைத்துக்கொண்டு, கைகழுவும் பழக்கத்தையும் காத்துக்கொண்டால், பல குடும்பங்கள் நாயுடன் நலமாகவே வாழலாம். அத்தகைய ஒழுங்கிற்கு எந்த நாய் இணங்கும் என்பதையே இனத்தேர்வின்போது காண வேண்டும்.

நம் மண்ணின் இனங்கள்

இராஜபாளையம் நாய் பால்வெண்மை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது. உயர்ந்த உடலமைப்பு உடையது. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகள் நான்கினுள் ஒன்று இதற்கு உரியது. காவலுக்குப் பெயர்பெற்ற இந்நாய், தன் குடும்பத்தாரிடம் நெருங்கியும் அயலாரிடம் ஐயத்தோடும் பழகும். நாள்தோறும் செவிலியரும் உறவினரும் நலம் கேட்க வந்துபோகும் நோயாளியின் வீட்டிற்கு இக்குணம் இடையூறாகலாம். மேலும், நிறமியற்ற வெண்மையோடு சேர்ந்து சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக அமைகின்றன. செவிட்டு நாய்க்கு வெடியோசை அச்சமில்லை. ஆனால் உறங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். குட்டி காணாதவாறு பின்புறம் நின்று மெல்லக் கைதட்டி, அது திரும்புகிறதா என்று பார்த்து வாங்குதல் நலம். கைதட்டும் காற்று அதன் உடலில் படாதவாறு தள்ளி நிற்க வேண்டும்.

சிப்பிப்பாறை நாய், நமக்கு அண்மையிலுள்ள அவ்வூரின் பெயரால் அழைக்கப்படுவது. மெலிந்த உடலும் நீண்ட கால்களும் குறுகிய முகமும் கொண்ட ஓட்ட நாய் இது. பார்வையால் இரையைத் துரத்துவது இதன் இயல்பு. உரோமம் குட்டையானது, வெயிலைத் தாங்கும், உணவுச் செலவும் மிகுதியன்று. கரிய உடலில் செம்பழுப்புப் புள்ளிகள் கொண்ட கன்னி நாயும் இதனை ஒத்ததே. வீட்டாரிடம் இவை அமைதியாகப் பழகும். ஆயினும் நாள்தோறும் ஓட இடம் வேண்டும். சந்து வீட்டில் சங்கிலியில் கட்டிவைத்தால், அடக்கப்பட்ட விசை முழுவதும் குரைப்பாகவும் சினமாகவும் மாறும். கோழியும் ஆடும் வளர்க்கும் வீட்டில், குட்டிப் பருவத்திலேயே அவற்றோடு பழக்கிவிட வேண்டும்.

தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் துணிவும் காவல் வேகமும் மிக்கது. நாய் வளர்த்துப் பழகாத குடும்பத்திற்கும், முதன்முறையாக நாயைப் பிடிக்கும் பிள்ளைக்கும் இது ஏற்றதன்று.

இவ்வினப் பெயர்கள் எதனுள்ளும் அடங்காத, தெருவில் பிறக்கும் சாதாரண நாட்டு நாயை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. நடுத்தர உடல், குறுகிய உரோமம், இம்மண்ணின் வெயிலுக்கும் உணவிற்கும் பழகிய வயிறு, எதையும் விரைவில் கற்கும் அறிவு ஆகியவை அதற்கு உண்டு. விலையும் இல்லை. நோயாளி உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு, நல்ல குணமுள்ள தாயிடம் பிறந்த நாட்டு நாய்க்குட்டியே பொருத்தமான தேர்வு.

அயல்நாட்டு இனங்களும் நம் வெயிலும்

லாப்ரடார் பிள்ளைகளோடு இணக்கமாகப் பழகும், கற்பிப்பதும் எளிது. எனினும் அதன் உரோமம் அடர்ந்தது, மிகுதியாக உதிர்வது. உடல் எளிதில் பருப்பது. இடுப்பு மூட்டுக் கோளாறும் அவ்வினத்தில் அடிக்கடி காணப்படுகிறது. பக் போன்ற தட்டை மூக்கு நாய்கள் மூச்சிரைப்பின் மூலம் உடல் வெப்பத்தைத் தணிக்க இயலாமல் கோடையில் துன்புறும். பனிநாட்டில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியைக் கரிசல்காட்டு வெயிலில் வளர்ப்பது அவ்வுயிருக்கு இழைக்கும் கொடுமை.

"இந்த இனத்தால் ஒவ்வாமை வராது" என்று விற்பனையாளர் கூறினால் நம்ப வேண்டா. ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் எச்சிலிலும் உதிரும் தோல் துகளிலும் உள்ளன. அவை இல்லாத இனமே இல்லை. வீட்டில் எவருக்கேனும் ஆஸ்துமா இருப்பின், வாங்குமுன் நாய் வளர்க்கும் உறவினர் வீட்டில் அவர் சில மணி நேரம், வெவ்வேறு நாள்களில், இருந்து பார்க்கட்டும். மூச்சுத்திணறல் தோன்றினால் அவ்விருப்பத்தைக் கைவிடுதலே தக்கது.

வெடியோசை கேட்கும் ஊரில்

மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலிகளும் நாய்க்குக் கேட்கும். இந்திய விதிகளின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் பட்டாசு தடைசெய்யப்பட்டது. அவ்வரம்புக்கு உட்பட்ட ஒலியே நாயை நடுங்க வைக்கப் போதும். மற்ற ஊர்களில் தீபாவளிக்கு மட்டும் எழும் ஒலி, நம் ஊர்ப்பக்கம் வேறு நாள்களிலும் கேட்கும்.

ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரையிலான பருவத்தில் குட்டி எவற்றோடு பழகுகிறதோ, அவற்றைப் பிற்காலத்தில் அஞ்சுவது குறைவு. ஆதலால் இவ்வொலிகளுக்கிடையே பிறந்து வளர்ந்த உள்ளூர்க் குட்டி, தொலைவிலுள்ள அமைதியான பண்ணையிலிருந்து வளர்ந்தபின் கொண்டுவரப்படும் நாயைவிட இங்கு நிம்மதியாக வாழ வாய்ப்புண்டு. அச்சமுற்ற நாயை வெளியே கட்டிவைக்கவோ அடிக்கவோ கூடாது. உள்ளறையில் சன்னலை மூடி, ஒதுங்க ஒரு மூலை அமைத்துக் கொடுக்க வேண்டும். அஞ்சி ஓடும் நாயைப் பாய்ந்து பிடிக்கும் கையைத்தான் அது முதலில் கடிக்கும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

பட்டாசு ஆலையில் பணிபுரிவோர் வீடு திரும்பியதும் உடைமாற்றிக் குளித்த பின்னரே நாயைத் தொடுதல் நன்று. உடையில் படிந்த மருந்துப் பொடியை நக்குவது நாய்க்கு நஞ்சாகலாம்.

பிள்ளையின் பங்கு

நாய் 10 முதல் 14 ஆண்டுகள் வாழும். 13 வயதுப் பிள்ளை 5 ஆண்டுகளில் கல்லூரிக்கோ வேலைக்கோ வெளியூர் செல்லும்; அப்போது நாய் நடுவயதில் இருக்கும். இடையில் 10, 12-ஆம் வகுப்புத் தேர்வுகளும் வரும். அந்நாள்களில் நாய்க்கு உணவிடுபவர் பெரும்பாலும் தாயாரே. அவரே நோயாளியையும் கவனிப்பவராக இருப்பார். ஆகவே, முடிவெடுக்குமுன் அவருடைய இசைவைக் கேட்பது நியாயம். ஒரு மாதம் நாள்தோறும் காலை 5.30 மணிக்கு எழுந்து அரைமணி நேரம் நடந்துவரும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். நாயில்லாமலே அதனைத் தவறாது செய்யும் பிள்ளை, நாய் வந்தபின்னும் செய்யும்.

ஓட்ட நாயைப் பெற்ற இளைஞர்களைத் தோழர்கள் முயல் வேட்டைக்கு அழைப்பதுண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். இதனையும் முன்கூட்டியே உணர்த்துங்கள்.

வாங்கும்போதும் வாங்கிய பின்னும்

8 வாரம் நிறையாத குட்டியை விற்பது 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி கூடாது. தாய் நாயை நேரில் காணுங்கள். அதன் குணம் பெரும்பாலும் குட்டியிடமும் தெரியும். கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்களில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகளும், 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் ஆண்டுதோறும் அதன் மறு ஊசியும் போட வேண்டும். குடற்புழு நீக்க மருந்தும் தவறாது கொடுக்க வேண்டும்.

எந்த இனமாயினும், குட்டியே ஆயினும், கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காபிப்பொடி, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். உடனே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ மருத்துவமனைக்கோ செல்லுங்கள். தோலினுள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்கள் என நான்கு முறை ஊசி போடப்படும். இரத்தம் வந்த காயத்திற்கு இம்யூனோகுளோபுலினும் தேவை. நோயின் அறிகுறி தோன்றியபின் உயிர்பிழைப்பது அரிதினும் அரிது. அறிகுறிக்கு முன் முறையாகப் போட்டுக்கொண்ட ஊசியோ உயிரைக் காக்கும்.

வளரிளம் பிள்ளைகள், நாயைப் பறித்துவிடுவார்களோ என்றஞ்சிக் கடித்ததை மறைப்பதுண்டு. எனவே குட்டி வீட்டிற்கு வரும் நாளிலேயே பெற்றோர் ஓர் உறுதி அளிக்க வேண்டும்: "கடித்தால் உடனே சொல், அதற்காக உன்னை ஏசவும் மாட்டோம், நாயை விரட்டவும் மாட்டோம்." எந்த இனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அவ்வுறுதி பிள்ளைக்கும் வீட்டிலுள்ள நோயாளிக்கும் ஒருங்கே காப்பாக நிற்கும்.