நோயாளியின் கதை தாதிக்குத் தெரிந்தால்

மறதிநோய் கண்ட முதியவர் வீட்டில் இருக்கும்வரை ஓரளவு சமாளித்துவிடுவார். கழிவறை எந்தப் பக்கம், குரல் கொடுத்தால் யார் வருவார் என்பதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். அவரே இடுப்பெலும்பு முறிந்தோ சிறுநீர்த் தொற்றினாலோ மருத்துவமனையில் சேர்க்கப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அணையாத விளக்கு, விட்டுவிட்டு ஒலிக்கும் கருவிகள், வேளைக்கு வேளை மாறும் முகங்கள். இவற்றோடு தொற்றினால் வரும் திடீர்க் குழப்பமும் சேர்ந்துகொண்டால், குழாயைப் பிடுங்குகிறார், கட்டிலை விட்டு இறங்குகிறார், தொட வருபவரைத் தள்ளுகிறார். 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று குறிப்பேட்டில் ஏறுகிறது. அடுத்து மயக்கம் தரும் மருந்து. சில இடங்களில் கைகளைக் கட்டிலோடு கட்டுவதும் உண்டு. அப்படிக் கிடந்த உடம்பு வெகு விரைவில் தளர்ந்துவிடும். நடந்து வந்தவர் சக்கர நாற்காலியில் வீடு திரும்புவது இப்படித்தான்.

சிங்கப்பூரில் மனநலக் கழகத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 10 பேரில் ஒருவருக்கு மறதிநோய் இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 8.8 விழுக்காடாகக் குறைந்தது. விகிதம் குறைந்தாலும் மூத்தோர் தொகை பெருகிக்கொண்டிருக்கிறது.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி, நோயாளியின் வாழ்க்கைக் கதையைத் தாதியருக்குத் தெரியப்படுத்துவது. ரப்பர்த் தோட்டத்தில் 30 ஆண்டுகள் பால் வெட்டிய ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். இருள் பிரியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போனவர் அவர். வார்டில் அதிகாலை 4 மணிக்கு எழுந்து வெளியே போகத் துடித்தால், கதை தெரியாதவருக்கு அது பித்து. தெரிந்தவருக்கோ அது வேலைக்குக் கிளம்பும் நேரம். சூடாக ஒரு கோப்பி ஓ கொடுத்து, நாற்காலியில் உட்காரவைத்து, கைபிடித்துச் சற்று நடக்கவைத்தால் பல நேரம் அதுவே போதும். 'இன்னிக்கு மழை, வெட்டு இல்லே' என்று சொல்லிப் படுக்கவைக்கும் பிள்ளைகளும் உண்டு. அது பொய்யா பரிவா என்பதில் பராமரிப்பாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

தமிழ் முதியவர்களிடம் கவனிக்க இன்னும் சில உண்டு. பிற்காலத்தில் கற்ற ஆங்கிலமோ மலாயோ பலருக்கு நழுவிவிடும், தாய்மொழிதான் மிஞ்சும். பிலிப்பீன்சிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த தாதிக்கு 'தண்ணி', 'வலிக்குது', 'ஒண்ணுக்கு' என்ற மூன்று சொற்களை ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. வாழ்நாள் முழுதும் கையால் சாப்பிட்டவருக்கு வலக்கையில் ஊசிக்குழாய் ஏற்றிவிட்டு, கரண்டியை நீட்டினால் தட்டு அப்படியே திரும்பிப் போகும். ஸ்கேனுக்காகத் தாலியைக் கழற்றச் சொன்னதும் ஒரு பாட்டி அலறினால் அது முரட்டுத்தனம் அல்ல. மகளோ மருமகளோ அருகில் நின்று கழற்றி, தன் கைப்பையில் வைப்பதை அவர் கண்ணால் பார்க்கவிட்டால் அலறல் அடங்கக்கூடும்.

நோயைவிட மனிதரே முதலில் என்ற கருத்தை வலியுறுத்தியவர் பிரிட்டனின் பிராட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் கிட்வுட். அவரது நூல் 1997ல் வந்தது. அங்கு அல்சைமர்ஸ் சொசைட்டி 'திஸ் இஸ் மீ' என்னும் சிறு ஏட்டை வெளியிடுகிறது. நோயாளியின் விருப்பு வெறுப்புகளைக் குடும்பத்தார் நிரப்பி வார்டில் கொடுத்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 'டாப் 5' என்ற முறை உண்டு. பராமரிப்பவரிடம் பேசி, அவரை அமைதிப்படுத்தும் 5 குறிப்புகளை மட்டும் தாதியர் எழுதிக்கொள்கின்றனர். வார்டுக்கு இதுதான் பொருந்தும். வேலைமாற்றத்தின்போது 20 பக்க வரலாற்றைப் படிக்க எந்தத் தாதிக்கும் நேரமிருக்காது.

ஆகவே ஒரு பக்கம் போதும். எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், என்ன தொழில் செய்தார், எதற்குப் பயப்படுவார், வலி வந்தால் முகத்தில் எப்படித் தெரியும், எந்தப் பாட்டைக் கேட்டால் அமைதியாவார் என்பவை முக்கியம். வலி பற்றிய வரியை விட்டுவிடவே கூடாது. வாய் திறந்து சொல்ல முடியாதவர்களின் முரண்டுக்குப் பின்னால் பெரும்பாலும் வலியோ மலச்சிக்கலோ தாகமோ இருக்கும்.

எல்லாவற்றையும் எழுதிவிடவும் கூடாது. இறந்த பிள்ளை, முறிந்த திருமணம், பட்ட கடன் போன்றவை ஊரார் கண்ணில் படவேண்டியவை அல்ல. நோயின் தொடக்கத்தில், அவருக்கே சொல்லத் தெரியும்போது, எதைச் சேர்க்கலாம் என்று அவரிடம் கேட்பதே முறை. கதையை வைத்துக்கொண்டு 'இது யார், ஞாபகம் இருக்கா?' என்று தேர்வு நடத்துவதும் வேண்டாம். அதைச் செய்பவர்கள் தாதியரைவிடப் பேரப்பிள்ளைகளே அதிகம்.

எழுதிய தாள் கோப்புக்குள் புதைந்தால் பயனில்லை. குடும்பத்தின் சம்மதத்தோடு படுக்கையருகே ஒட்டப்பட வேண்டும். வார்டு மாறினால் அவருடன் போகவேண்டும். இன்னொரு பிரதியை வீட்டில் அடையாள அட்டையுடனும் மருந்துப் பட்டியலுடனும் வைத்திருக்கலாம். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வரும்போது தேட நேரமிருக்காது.