கேமரா தன் பெயரைச் சொல்லாது

யுஎஸ்பி சுட்டியைக் கணினியில் செருகியவுடன் அது வேலை செய்யத் தொடங்குகிறது. தான் என்ன கருவி, தன்னைத் தயாரித்தவர் யார் போன்ற விவரங்களை அதுவே கணினிக்குச் சொல்லிவிடுகிறது. கைத்தொலைபேசியிலும் சிறு கணினிப் பலகைகளிலும் உள்ள கேமரா உணரிகள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. தன் முகவரியைச் சொல்லி அழைத்தால் மட்டுமே உணரி பதில் தரும். அந்த முகவரியைக் கணினி எப்படித் தெரிந்துகொள்ளும்?

லினக்ஸ் இயங்கும் பல கருவிகளில் இதற்கென ஒரு விவரக்குறிப்பு உண்டு. அதன் பெயர் 'டிவைஸ் டிரீ', அதாவது சாதன மரம். பலகையில் எந்தச் சில்லு எங்கே இணைக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறியாளர்கள் அதில் எழுதி வைக்கிறார்கள். கணினி தொடங்கும்போது லினக்ஸ் அதைப் படிக்கிறது.

ராஸ்பெரி பை கணினிக்காக 2016இல் வெளிவந்த இரண்டாம் கேமராவை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது சோனியின் ஐஎம்எக்ஸ்219 உணரி. 3280 × 2464, அதாவது சுமார் 8 மில்லியன் படப்புள்ளிகள்.

இந்த உணரிக்கான குறிப்பில் முதலில் அதன் பெயர் வரும். அதை வைத்துத்தான் லினக்ஸ் பொருத்தமான இயக்கி மென்பொருளைத் தேர்ந்தெடுக்கிறது. அடுத்து முகவரி: பதினாறடிமான முறையில் 10, நம் வழக்கமான கணக்கில் 16. பிறகு கடிகாரத் துடிப்பு 24 மெகாஹெர்ட்ஸ். உணரிக்கு 2.8, 1.8, 1.2 வோல்ட் என மூன்று மின்னழுத்தங்கள் தேவை. அவை எங்கிருந்து வருகின்றன என்பதையும் எழுத வேண்டும்.

படத்தின் தரவு தனித் தடங்களில் பாய்கிறது. இந்த உணரியால் நான்கு தடங்களில் தரவு அனுப்ப முடியும். ஆனால் ராஸ்பெரி பை கேமராவில் இரண்டு தடங்களுக்கு மட்டுமே கம்பி இழுத்திருக்கிறார்கள். அப்படியானால் குறிப்பில் என்ன எழுதுவது? இரண்டு என்றுதான். சில்லால் என்ன முடியும் என்பதை அல்ல, இந்தப் பலகையில் என்ன இருக்கிறது என்பதையே எழுத வேண்டும். நான்கு என்று எழுதினால், இல்லாத கம்பிகளில் தரவு வரும் என்று கணினி காத்திருக்கும், படம் கிடைக்காது.

உணரியைப் பலகையில் தலைகீழாகப் பொருத்தியிருந்தால் சுழற்சி 180 பாகை என்று குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால், படத்தில் எல்லாரும் தலைகீழாக நிற்பார்கள். ஆனால் படம் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதற்கு இங்கே இடமில்லை. அது பயனரின் விருப்பம், வன்பொருளின் தன்மை அல்ல.

எழுதியது சரிதானா என்று யார் பார்ப்பது? ஒவ்வொரு வகைச் சாதனத்துக்கும் 'பைண்டிங்' எனப்படும் விதித்தொகுப்பு உண்டு. எந்த விவரம் கட்டாயம், எந்த மதிப்பு செல்லும் என்பதை அது சொல்லும். ஐஎம்எக்ஸ்219க்கு மூன்று தடங்கள் என்று எழுதினால், சோதனை மென்பொருள் உடனே பிடித்துவிடும். ஆனால் இரண்டு தடங்கள் உள்ள பலகைக்கு நான்கு என்று எழுதினால் அது வாய் திறக்காது. இரண்டுமே விதிப்படி செல்லும் எண்கள். உண்மையில் எத்தனை கம்பிகள் உள்ளன என்பது மின்சுற்று வரைபடத்தைப் பார்த்தவருக்கே தெரியும்.

பள்ளி ரோபோட்டிக்ஸ் கழகத்தில் கேமரா படம் காட்டவில்லையா? அது பழுது என்று ஒதுக்கிவிடாதீர்கள். வரைபடத்தையும் விவரக்குறிப்பையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.