பதில் சீக்கிரம் வேணுங்களா? தேதி போட்டுக் கேளுங்க!



தீர்மான நோட்டு, ரப்பர் ஸ்டாம்பு, பாஸ்புக்கோடு இப்போது நம் குழுக்களுக்கு இமெயில் முகவரியும் வந்துவிட்டது. வங்கிக்கும், வட்டார அலுவலகத்துக்கும், நம் சரக்கை வாங்குகிற கடைக்காரருக்கும் செல்போனிலேயே கடிதம் அனுப்புகிறோம். அனுப்புவது சுலபம். பதில் வாங்குவதுதான் கஷ்டம். "மறுபடியும் கேட்டால் கோவிச்சுக்குவாங்களோ" என்று நாமும் சும்மா இருந்துவிடுகிறோம்.

அப்படிச் சும்மா இருந்ததால் நாங்கள் பட்டதைச் சொல்கிறோம்.

எங்களுக்கு நடந்தது

எங்கள் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் ஐந்து பேர் கறவை மாடு வாங்க முடிவு செய்தார்கள். கருங்கல்பாளையம் சந்தையில் மாடு பார்க்கவும் ஏற்பாடு செய்தாயிற்று. வங்கிக் கிளைக்குக் கடன் கேட்டு எழுதிக் கொடுத்தோம். கடைசி வரி வழக்கம்போல, "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்."

ஒரு மாதம் போச்சு. இரண்டு மாதமும் போச்சு. "பெரிய இடம், அவங்களா கூப்பிடுவாங்க" என்று காத்திருந்தோம். அதற்குள் இரண்டு சகோதரிகள் பொறுக்க முடியாமல் வெளியில் நூத்துக்கு அஞ்சு ரூபாய் மாத வட்டிக்கு வாங்கிவிட்டார்கள். பிறகு நேரில் போய்க் கேட்டோம். "தீர்மான நகல் ஒண்ணு வைக்கலீங்களே அம்மா. அவசரம்னும் நீங்க எழுதலையே" என்றார் அலுவலர். ஒரே ஒரு காகிதம்! பத்தாம் நாளே மரியாதையாகக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அந்த இரண்டு பேர் கட்டிய வட்டி எங்கள் தயக்கத்தின் விலை.

"ஆவன செய்யவும்" என்றால் என்ன செய்வது?

யோசித்துப் பாருங்கள். "ஆவன" என்பதில் என்ன வேலை, எப்போது வேண்டும் என்று எதுவும் இல்லை. "விரைவில்" என்பதும் அப்படித்தான். நமக்கு விரைவு என்றால் இந்த வாரம். நூறு விண்ணப்பம் மேஜையில் இருப்பவருக்கு அடுத்த மாதமும் விரைவுதான். "அவசரம், அவசரம்" என்று மூன்று முறை எழுதினாலும் பலன் இல்லை. படிக்கிறவருக்கு எரிச்சல்தான் வரும்.

நம்ம ஊர்ப் பேச்சிலேயே இதற்கு வழி இருக்கிறது. பக்கத்து வீட்டில் நாம் எப்படிக் கேட்போம்? "ஏனுங்க அக்கா, வெள்ளிக்கிழமை நாத்து நடவுங்க. நீங்க வருவீங்களான்னு புதன்கிழமைக்குள்ள சொல்லீட்டீங்கன்னா தேவலைங்க. இல்லீன்னா வேற ஆளு பாக்கோணும்." இதில் மரியாதை இருக்கிறது, காரணம் இருக்கிறது, நாளும் இருக்கிறது. யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். இதையே எழுத்தில் கொண்டுவந்தால் போதும்.

கடிதத்தில் இருக்க வேண்டிய ஐந்து

1. பொருள்: முதல் வரியிலேயே விஷயமும் தேதியும் வரட்டும். "கடன் சம்பந்தமாக" என்று மொட்டையாக எழுதாமல், "குழுக் கடன் விண்ணப்பம் – ஜூன் 20-க்குள் பதில் வேண்டி" என்று எழுதுங்கள். இமெயிலைத் திறக்கும் முன்பே அவர் கண்ணில் படுவது இந்த வரிதான்.

2. ஒரே கேள்வி: நமக்குத் தெரிய வேண்டியது என்ன என்று ஒரு வரியில் கேளுங்கள். ஒரே கடிதத்தில் கடன், பயிற்சி, மானியம் மூன்றையும் கேட்டால் மூன்றும் தாமதமாகும்.

3. காரணம்: ஏன் அந்த நாளுக்குள் தெரிய வேண்டும்? காரணம் உண்மையாக இருக்க வேண்டும். பொய் அவசரம் சொன்னால் அடுத்த முறை நம்ப மாட்டார்கள்.

4. நியாயமான நாள்: இன்று அனுப்பி நாளைக்குக் கேட்கக் கூடாது. சாதாரண விஷயத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் கொடுங்கள்.

5. அவருக்குச் சுலபம்: ஊக்குநர் பெயர், போன் நம்பர், எந்த நேரத்தில் பேசலாம் என்று எழுதுங்கள். தேவையான காகிதங்களை இணையுங்கள்.

மாதிரிக் கடிதம்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் குழுவின் கடன் விண்ணப்பத்தை ஜூன் 3 அன்று தங்கள் கிளையில் கொடுத்தோம். அதன் நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இன்னும் ஏதாவது ஆவணம் தேவைப்படுகிறதா என்பதை ஜூன் 20-க்குள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். 22-ம் தேதி எங்கள் குழுக் கூட்டம். அன்று அனைவரும் வருவதால் கையெழுத்துகளை உடனே வாங்கிவிட முடியும். தங்கள் வேலைப்பளுவுக்கு இடையே கவனிப்பதற்கு நன்றி.

இப்படிக்கு, குழுவின் ஊக்குநர், பிரதிநிதிகள்.

பார்த்தீர்களா? கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. அரசு அலுவலகத்துக்கு இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். 1956-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்தான் நம் மாநிலத்தின் ஆட்சிமொழி.

அந்த நாளும் தாண்டிவிட்டால்?

இரண்டு மூன்று நாள் பொறுத்து நினைவூட்டுக் கடிதம் அனுப்புங்கள். முதலில் அனுப்பிய அதே இமெயிலுக்குக் கீழேயே எழுதினால் பழைய கடிதம், தேதி எல்லாம் அவர் கண்முன் இருக்கும். "ஏன் பதில் போடவில்லை?" என்று கேட்காதீர்கள். "எங்கள் கடிதம் தங்கள் பார்வைக்கு வந்ததா என அறிய விரும்புகிறோம்" என்று எழுதுங்கள். தினமும் அனுப்பக் கூடாது. முதல் கடிதத்திலேயே கலெக்டருக்கு நகல் போடவும் கூடாது. அது கடைசியில் எடுக்க வேண்டியது.

நேரில் கொடுத்தால் நம் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

சட்டம் சொல்லும் நாட்கள்

சில விஷயங்களுக்குச் சட்டமே நாள் குறித்திருக்கிறது.

தகவல்: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன்படி 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை.

வங்கிச் சேவை: வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் பதில் இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாக எழுதலாம். ஆனால் கடன் கொடுப்பதா வேண்டாமா என்ற வங்கியின் முடிவில் அவர் தலையிட மாட்டார்.

சரக்குப் பணம்: உத்யம் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு 2006-ம் ஆண்டுச் சட்டம் துணை இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாட்களுக்கு மிகாமல் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் வட்டியும் உண்டு. ஆகவே, துணிப்பையோ ஊறுகாயோ எதுவானாலும் சரக்கு கொடுக்கும்போதே தேதி போட்ட பில் கொடுங்கள்.

எதற்கும் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது. அங்கே போகும்போது, தேதியோடு மரியாதையாக எழுதிய பழைய கடிதங்கள்தான் நமக்குச் சாட்சி.

இந்த மாதம் செய்ய வேண்டியது

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். பதில் வராமல் கிடக்கும் கடிதங்களை நோட்டில் எழுதுங்கள். எப்போது அனுப்பினோம், எப்போது கேட்டோம், என்ன பதில் வந்தது என்று மூன்று கட்டம் போட்டால் போதும். அதில் மிகப் பழையது எதுவோ, அதற்கு அன்றைக்கே எல்லோரும் சேர்ந்து ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதி அனுப்புங்கள்.

பதில் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, சகோதரிகளே. நம் வேலையை நாம் கவனிக்கிறோம், அவ்வளவுதானுங்க.