பிட்சை வீதியில் கேமரா

லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங் அவசரக்காரர்களுக்கான ஊர் அல்ல. 2021 டிசம்பரில் ரயில் வந்தபிறகு தலைநகர் வியன்டியானிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு நான் படகைத்தான் சொல்வேன். தாய்லாந்து எல்லையில் இருக்கும் ஹுவே சாயில் ஏறினால் மீகாங் ஆற்றில் இரண்டு நாள். நடுவில் ஓர் இரவு பாக்பெங்கில்.

மீகாங் ஆறும் நாம் கான் ஆறும் கூடும் முனையில், நடந்தே சுற்றிவிடக்கூடிய ஊர். 16ஆம் நூற்றாண்டில் மன்னர் செத்தாதிராத் கட்டிய சியங் தோங் விகாரையின் கூரை தரையைத் தொட்டுவிடுவதுபோலச் சரிந்து இறங்கும். ஆனால் கூட்டம் வருவது தாக் பாத் எனும் பிட்சைச் சடங்கைப் பார்க்கத்தான். விடியற்காலையில் காவியுடைப் பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாக வருவார்கள். தெருவோரம் பாய் விரித்து மண்டியிட்ட பெண்கள், மூங்கில் கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கவளம் இடுவார்கள். பேச்சே இருக்காது. கிடைத்ததில் கொஞ்சத்தை, கூடையோடு காத்திருக்கும் ஏழைக் குழந்தைகளுக்குப் பிக்குகள் போட்டுவிட்டுப் போவதும் உண்டு.

ஆனால் அந்த வரிசையில் வரும் சின்னஞ்சிறு துறவிகளின் முகத்துக்கு நேரே சுற்றுலாப் பயணிகளின் பிளாஷ் வெட்டுகிறது. வரிசைக்குக் குறுக்கே புகுந்து செல்ஃபி எடுக்கிறார்கள். படத்துக்காகவே தெருவில் சோறு வாங்கி இடுகிறார்கள். அது ஆறிப்போன பழைய சோறாகவும் இருக்கலாம். அதைச் சாப்பிடப்போவது ஒரு சிறுவன் என்பது யாருக்காவது உறைக்கிறதா?

இதைவிட என்னை வாட்டுவது வேறொன்று. 1995இல் ஊர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபிறகு பழைய வீடுகள் பல விடுதிகளாகிவிட்டன. குடும்பங்கள் ஊருக்கு வெளியே குடிபோகின்றன. விகாரையைச் சுற்றி அடுப்பெரியும் வீடுகள் இல்லாமல் போனால் பிக்குகளுக்குச் சோறிடுவது யார்? சுற்றுலாப் பணத்தால்தான் அந்த வீடுகள் இடியாமல் நிற்கின்றன என்பவர்களும் உண்டு, அது உண்மைதான். ஆனால் சுவர்கள் நின்று சமையல் நின்றுபோன ஊரை எப்படிக் காப்பாற்றப்பட்ட ஊர் என்பது?

போகிறவர்கள் குடும்பம் வசிக்கும் வீடாகப் பார்த்துத் தங்குங்கள். வேடிக்கை பார்ப்பதென்றால் எதிர்ச்சாரியில் தள்ளி நில்லுங்கள். மனமார இட விரும்பினால் வீட்டுக்கார அம்மாவிடம் முந்தின நாளே சொல்லி, அவர் ஆவியில் வேகவைக்கும் சோற்றையே வாங்கிக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, பிக்குவைவிடத் தாழ்வாக அமர்ந்து இடுங்கள். அந்த நேரத்தில் கேமரா அறையிலேயே இருக்கட்டும்.